பதினாலு தண்டும் ஒரே உறுமலும்

அந்தப் பட்டறையில் மீட்டரம்மா என்றால் முதலாளிக்கே கொஞ்சம் உதறல்தான். பெயர் வைத்தது பெட்டி செய்கிற தச்சர். அவர் இழைத்துக் கொண்டுவந்த மரப்பெட்டியில் அரை மில்லி கோணலைக் கண்டுபிடித்து, "எடுத்துட்டுப் போங்கண்ணே" என்று ஒருநாள் இந்தம்மா திருப்பி அனுப்பியதிலிருந்து அவர் வாயில் அந்தப் பெயர்தான். வேண்டியவர், வேண்டாதவர், வயதில் பெரியவர் என்கிற பேச்செல்லாம் அவளிடம் எடுபடாது. எண் சரியாக வந்தால் பச்சைச் சீட்டு, வராவிட்டால் சிவப்புச் சீட்டு. வேறு பேச்சே கிடையாது.

அங்கே செய்வது இசைத்தட்டைப் பாடவைக்கிற டர்ன்டேபிள். ஏதோ பழைய சாமான் ரிப்பேர் கடை என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு இயந்திரம் முழுதாக வெளியே போக ஒரு மாதம் பிடிக்கும். வாங்குகிறவர்கள் அதற்கென்றே கருங்கல் மேஜை செய்து காத்திருக்கிற ரகம். மூடியில் ஒரு கீறல் இருந்தால் அன்றைக்கு அவர்களுக்குச் சாப்பாடு இறங்காது. அப்படிப்பட்டவர்கள் காசைக் கொட்டுவது எதற்கு? மௌனத்துக்கு. இசைத்தட்டைத் தாங்கிச் சுழல்கிறதே நடுத்தண்டு, அது சுழலும்போது எழுகிற துளி அதிர்வும் ஊசி வழியாக ஏறி, பாட்டுக்கு அடியில் உறுமலாக உட்கார்ந்துவிடும். தனியாகக் காதில் விழாது. ஆனால் தெளிந்த தண்ணீரில் யாரோ காலை விட்டுக் கலக்கினாற்போல் பாட்டையே மங்கலாக்கிவிடும். உறுமாத தண்டு செய்யத் தெரிந்த கை நூற்றில் ஒன்று தேறினால் அதிகம். அந்தப் பட்டறையில் அந்தக் கை மீட்டரம்மாவின் வீட்டுக்காரருடையது.

இருபத்திரண்டு வருஷமாக அங்கே லேத்தில் நிற்கிறார் கடைசல்காரர். எஃகுக் கம்பியைக் கடைந்து, அது உள்ளே உட்கார்ந்து சுழல்கிற வெண்கலப் புஷ்ஷைக் குடைந்து, இரண்டையும் எண்ணெயும் பசையும் வைத்துக் கையாலேயே தேய்த்து ஜோடி சேர்ப்பார். ஒரு ஜோடிக்கு இரண்டு நாள். முடிந்ததா இல்லையா என்று பார்க்கத் தண்டைப் புஷ்ஷில் விடுவார். அது பொத்தென்று விழவும் கூடாது, சிக்கி நிற்கவும் கூடாது. உள்ளே இருக்கும் காற்று வழிவிட வழிவிட, சாவகாசமாக இறங்க வேண்டும். இறங்கிவிட்டால் மனுஷன் முகத்தைப் பார்க்க வேண்டுமே, கல்யாண மாப்பிள்ளை தோற்றான்.

அதை அளப்பது அவள் வேலை. அளக்க ஒரு சோதனைத் தட்டு உண்டு. பாட்டே பதியாத, வெறும் பள்ளம் மட்டும் வெட்டிய இசைத்தட்டு. அதில் ஊசியை வைத்தால் ஒன்றுமே வரக்கூடாது. வருவதெல்லாம் இயந்திரத்தின் உறுமல். அது எவ்வளவு கீழே அடங்கிக் கிடக்கிறது என்று மீட்டர் ஒரு எண்ணாகச் சொல்லும். எண் பெரிதாக வந்தால் நல்லது. எழுபதைத் தாண்டினால் பாஸ். கடைசல்காரர் தண்டுகள் எழுபத்தைந்துக்குக் கீழே வந்ததாகச் சரித்திரமே இல்லை.

பாஸாகாத தண்டை என்ன செய்வது என்பதற்கு ஒரு விதி இருந்தது. செய்தவனே கட்டிங் வீலில் வைத்து இரண்டாக அறுத்துப் போட வேண்டும். விதியைக் கொண்டுவந்தவரும் கடைசல்காரர்தான். எப்போதோ வேறொருவர் கடைந்த மோசமான தண்டு ஒன்று அலமாரியில் கிடந்து, தவறுதலாக ஒரு இயந்திரத்துக்குள் போய், வாடிக்கையாளர் வந்து கத்திவிட்டுப் போனார். "கெட்டதுன்னு தெரிஞ்சப்புறம் அது முழுசா இருக்கக் கூடாது. செஞ்சவன் கையாலயே போகணும், அப்பத்தான் புத்தி வரும்" என்றார். தன் தலையில் விடியப்போகிறது என்று அப்போது அவருக்குத் தெரியுமா என்ன?

ஒரு வாரத்தில் இரண்டு காரியம் நடந்தது. கடைசல்காரர் குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு வீங்கியது. பத்து நாள் கட்டுப் போட்டிருந்தார். பட்டறையின் பழைய சோதனைத் தட்டு விளிம்பில் விரிசல் விட்டது. முதலாளி அதை உடைத்தெறிந்துவிட்டுப் புதிதாக ஒன்று வரவழைத்தார். முத்திரை ஒட்டிய உறை, உள்ளே கையெழுத்துப் போட்ட சான்றிதழ், கண்ணாடி மாதிரி பளபளக்கும் தட்டு. அந்தத் தட்டை எங்கேயோ வெட்டிய இயந்திரமே உறுமுகிற இயந்திரம். அதன் உறுமல் அந்த வெற்றுப் பள்ளத்தோடு சேர்ந்தே பதிந்து வந்திருந்தது. குற்றவாளி தட்டுதான் என்று இப்போதே போட்டு உடைத்துவிடலாம், ஒளித்து வைத்து என்ன ஆகப்போகிறது? அவர்களுக்கு அது தெரியப் பதினொரு வாரம் ஆயிற்று. அந்தப் பதினொரு வாரமும் எல்லார் கண்ணும் மணிக்கட்டின் மேல்தான் இருந்தது. ஒருத்தர் கண்ணும் தட்டின் மேல் போகவில்லை.

கட்டுப் பிரித்தபின் செய்த முதல் தண்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, வழக்கம்போல் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

"எவ்வளவு?"

"அறுபத்திரண்டு."

"தூசியா இருக்கும். தொடச்சுட்டுப் பாரு."

துடைத்தாள். ஊசியை மாற்றினாள். ஒயரைக் கழற்றி மாட்டினாள். அறுபத்திரண்டு.

"கையில கட்டுப் போட்டிருந்தீங்கல்ல, பழக்கம் விட்டுப்போயிருக்கும்" என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். அந்த ஒரு வார்த்தை அவர் மனசில் போய் உட்கார்ந்து வேர்விட்டது. சொன்ன வாயை அவள் பிற்பாடு எத்தனை தடவை அடித்துக்கொண்டாளோ.

இரண்டாவது தண்டும் அறுபத்திரண்டு. மூன்றாவது அறுபத்திரண்டரை. மனுஷனின் கைத்தவறு என்றால் ஒருநாள் ஐம்பத்தெட்டு வரும், ஒருநாள் அறுபத்தெட்டு வரும். ஒருநாளும் அச்சில் வார்த்தாற்போல் ஒரே எண் வராது. அது மீட்டரம்மாவுக்குத் தெரியாத விஷயமா? தெரியும். ஆனால் அவள் யோசித்தது வேறு விதமாக. ஒரே எண் திரும்பத் திரும்ப வருகிறது, அப்படியானால் கையில் நிலையாக ஏதோ ஆகிவிட்டது என்று யோசித்தாள். தட்டுக்குத்தான் சான்றிதழ் இருக்கிறதே. வீட்டுக்காரருக்கு எவன் சான்றிதழ் கொடுத்தான்?

ஐந்தாவது தண்டின்போது அவர் டாக்டர்கள் வைத்திருக்கிற ஸ்டெதாஸ்கோப்பை வாங்கிவந்து, சுழல்கிற இயந்திரத்தின் அடியில் வைத்துக் கேட்டார். வெகுநேரம் கேட்டார்.

"எனக்கு ஒண்ணுமே கேக்கலயே."

"மீட்டர் காட்டுதுங்க."

"அப்ப காதும் போச்சு" என்று குழாயைக் கழற்றி வைத்துவிட்டு, தண்டை எடுத்துக்கொண்டு கட்டிங் வீல் பக்கம் நடந்தார். அந்தச் சத்தம் இருக்கிறதே, எஃகை அறுக்கிற அந்தக் கிறீச்சல், அது பட்டறை முழுக்கக் கேட்கும். தச்சர் இழைப்புளியை நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வார். மீட்டரம்மா சிவப்புச் சீட்டில் தேதி எழுதிக்கொண்டிருப்பாள்.

அப்படியே பதினாலு.

பதினாலாவதற்கு அவர் "எவ்வளவு" என்று கேட்கக்கூட இல்லை. அவள் முதுகைப் பார்த்தே தெரிந்துகொண்டார். அறுத்துப் போட்டுவிட்டு, கைகழுவிவிட்டு, முதலாளி அறைக்குப் போய் நின்றார். முதலாளி நல்ல மனுஷன்தான். ஆனால் நல்ல மனுஷன் வாயிலிருந்து வருவது இன்னும் வலிக்கும். "நான் வெளியிலேருந்து ரெடிமேட் தண்டு வரவழைக்கிறேன், வர ஒரு மாசம் ஆகும். நீங்க கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க. வயசாகுதில்ல" என்றார். ஐம்பத்து நாலு ஒரு வயசா? கடைசல்காரர் மைக்ரோமீட்டரைத் துணியில் சுற்றி மேஜைமேல் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

வீட்டில் அவர் சண்டை போட்டிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "உன் மீட்டரைத் தூக்கிக் குப்பையில போடு" என்று ஒரு கத்துக் கத்தியிருந்தால் போதும். முப்பது வருஷக் கல்யாண வாழ்க்கையில் உப்புக் குறைந்ததற்கெல்லாம் குதித்த மனுஷன் இதற்கு ஒரு வார்த்தை பேசவில்லை. "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்பார்.

முகச்சவரம் செய்வதை விட்டார். பிளேடைப் பிடிக்கப் பயம். டீயை அரை டம்ளர்தான் ஊற்றச் சொன்னார். நாற்காலியில் உட்கார்ந்தால் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் கொடுத்துக்கொள்வார். ஒருநாள் மதியம் அவள் எதையோ எடுக்க வீட்டுக்கு வந்தபோது, அடுப்படியில் விளிம்பு தளும்பத் தண்ணீர் நிரப்பிய டம்ளரை நீட்டிப் பிடித்தபடி நின்றிருந்தார். கண் தண்ணீர்மேலேயே இருந்தது. கால்மணி நேரமாக நிற்கிறாரோ அரைமணி நேரமாக நிற்கிறாரோ. கை நடுங்கத்தான் செய்தது. அப்படி நின்றால் யாருக்குத்தான் நடுங்காது?

"பாத்தியா" என்றார்.

"கீழ வைங்க. கெட்ட கோவம் வரும் எனக்கு."

"பாத்துக்கோ. இந்தக் கைதான் தண்டு கடைஞ்சுது."

நரம்பு டாக்டர் எல்லாப் பரிசோதனையும் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். "அவனுக்கு என்ன தெரியும், உன் மீட்டரை விடவா?" என்று ரிப்போர்ட்டைப் பரண்மேல் போட்டுவிட்டார். வெளியூரில் இருக்கும் மகள் போன் செய்து, "அம்மா, அப்பா ஏம்மா போன்ல அழறாரு?" என்று கேட்டாள். நான்தான் உங்கப்பாவுக்குப் பதினாலு சிவப்புச் சீட்டு ஒட்டினேன் என்று பெற்ற பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? ஒரு தடவை எழுபத்தொன்று என்று பொய் சொல்லியிருக்கலாமே என்று தோன்றும். தோன்றிய மறுநிமிஷமே, அப்படிச் சொல்லியிருந்தால் அந்தத் தண்டு யார் வீட்டிலோ போய் உறுமுமே என்றும் தோன்றும். சாப்பாட்டுத் தட்டின்முன் உட்கார்ந்து இப்படி இரண்டு பக்கமும் அல்லாடிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிடுவாள்.

மூன்று வாரம் போயிற்று. ஒரு வாடிக்கையாளர் ஏழு வருஷத்துக்கு முன் வாங்கிய இயந்திரத்தைப் பெல்ட் மாற்றக் கொண்டுவந்து கொடுத்தார். மாற்றியபின் அளந்து அனுப்புவது வழக்கம். மீட்டரம்மா புதுத் தட்டைப் போட்டாள், ஊசியை இறக்கினாள்.

அறுபத்திரண்டு.

இயந்திரத்தைத் தூக்கி அடியில் பார்த்தாள். பச்சைச் சீட்டு, அவளுடைய கையெழுத்து: எழுபத்தாறு. தேய்ந்துபோயிருக்குமோ? தேய்ந்தால் அறுபத்தைந்து ஆகலாம், ஐம்பது ஆகலாம். சொல்லிவைத்தாற்போல் அதே அறுபத்திரண்டா? ஊசியைத் தூக்கினாள். பிறகு முதலாளியிடம்கூடச் சொல்லாமல், வானொலி நிலையத்தில் இசைத்தட்டுகளைப் பாதுகாக்கிற அதிகாரி ஒருவரைத் தேடிப் போய், கெஞ்சிக் கூத்தாடி, அவர்களுடைய சோதனைத் தட்டை இரவல் வாங்கிவந்தாள். போட்டாள். எழுபத்தாறு.

"அடப் பாவி" என்றாள் வாய்விட்டு. யாரைச் சொன்னாள் என்றால், தன்னைத்தான் சொல்லிக்கொண்டாள். தச்சர் ஓடிவந்து, "என்ன மீட்டரம்மா, என்ன ஆச்சு?" என்றார். அவள் அலமாரியைத் திறந்து, துண்டு துண்டாகக் கிடந்த பதினாலு தண்டுகளையும் வாரி மடியில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒன்றாவது முழுசாக இருக்கிறதா என்று தேடினாள். இல்லை. சொன்ன சொல் தவறாத மனுஷன், ஒன்றைக்கூட மிச்சம் வைக்காமல் நடுவில் அறுத்திருந்தார்.

வீட்டுக்குப் போய், மூச்சு வாங்க, எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க அவளுக்குத் தாங்கவில்லை.

"எனக்காகப் பொய் சொல்றியா?"

"ஐயோ, சத்தியமாங்க! அந்தத் தட்டுலயே உறுமல் இருக்கு. வந்து பாருங்க, நீங்களே ஊசிய வைங்க."

"சரி, தட்டு கெட்டதாவே இருக்கட்டும். ஏழு வருஷத்துக்கு முன்னால கடைஞ்சது நல்லாருக்கு, ஒத்துக்கறேன். அப்ப கை நல்லாருந்துச்சு. இப்ப கடைஞ்ச பதினாலும் நல்லாருந்துச்சுன்னு யார் சொன்னா? அளந்து காட்டு பாப்போம்."

அளப்பதற்கு என்ன இருக்கிறது? பதினாலும்தான் துண்டாகிக் கிடக்கின்றனவே. அவர் கேட்டதில் ஒரு ஓட்டை கிடையாது.

"நீ முப்பது வருஷத்துல ஒரு பொய் சொன்னதில்ல. இப்ப சொல்ற அளவுக்கு நான் ஆயிட்டேன் பாரு" என்றார்.

நாலு நாள் அவள் விடவில்லை. காலில் விழாத குறை. ஒன்று, ஒரே ஒன்று கடைந்து பாருங்கள், அப்புறம் நான் வாயைத் திறக்கமாட்டேன் என்றாள். அவளை அடக்குவதற்காகவே அவர் கடைசியில் சரியென்றார். சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் பட்டறை விடுமுறை. முதலாளியிடம் சாவி வாங்கிக்கொண்டு இருவரும் போனார்கள். சனிக்கிழமை கடைந்தார். ஞாயிற்றுக்கிழமை தேய்த்தார். வழக்கமாக ஒருமணி நேரத்தில் கை தானாக நின்றுவிடும். அன்றைக்கு நிற்கத் தெரியவில்லை. எடுத்துப் பார்ப்பார், பசையைப் போடுவார், மறுபடி தேய்ப்பார். ஒருமணி இரண்டாகி, மூன்றாகி, நாலாகிவிட்டது. போதும் என்று சொல்ல அவளுக்கு நாக்கு துடித்தது. சொன்னால் உன்னால்தான் கெட்டது என்பாரே என்று அடக்கிக்கொண்டாள்.

தண்டைப் புஷ்ஷில் விட்டார். சாவகாசமாக எங்கே இறங்கியது? சறுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. அவர் கவனித்தாரா இல்லையா, முகத்தில் தெரியவில்லை. இயந்திரத்தில் பூட்டினார்கள். அவள் வானொலி நிலையத் தட்டைப் போட்டாள், ஊசியை இறக்கினாள். மீட்டர் அவள் பக்கம் திரும்பியிருந்தது. அவர் எதிர்ப்புறம் நின்றார்.

"எவ்வளவு?"

அறுபத்து நாலு. பத்து நிமிஷத்துக்கு முன்புகூட இதே தட்டு வாடிக்கையாளர் இயந்திரத்தில் எழுபத்தாறு காட்டியது. இது தட்டின் உறுமல் இல்லை. தண்டின் உறுமல், கடைந்த கையின் உறுமல்.

எழுபத்தைந்து என்று சொல்லிவிடலாம். அவருக்குத் தெரியவே தெரியாது. நாளைக்கு இந்தத் தண்டை அவள் கழற்றி எறிந்துவிட்டால் ஊர் உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. மனுஷன் பிழைத்துக்கொள்வார், சவரம் செய்துகொள்வார், முழு டம்ளர் டீ குடிப்பார். அவள் வாயைத் திறந்தாள். திறந்த வாயில் அந்த எண் வரமாட்டேன் என்றது.

"அறுபத்து நாலு" என்றாள். "உறுமுதுங்க. இது உங்க கைதான். அளவுக்கு மேல தேச்சு லூஸாக்கிட்டீங்க."

சொல்லிவிட்டு மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். போச்சு, எல்லாம் போச்சு, என் கையாலேயே முடித்துவிட்டேன் என்று அழுதாள்.

அவர், "இந்தா, நிமிந்து பாரு" என்றார். "நெசமாவே அறுபத்து நாலா?"

"நெசமாத்தான்."

"ஆறுதலுக்குப் பொய் சொல்றவளா இருந்தா இப்பல்ல சொல்லியிருக்கணும்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். அவர் முகம் ஒரு மாதிரியாக இருந்தது.

"அப்ப அன்னிக்குத் தட்டைப் பத்திச் சொன்னதும் பொய்யில்ல."

"இல்லைங்க."

"இத விட்டப்பவே எனக்குத் தெரியும், சறுக்கிட்டுப் போச்சு. அந்தப் பதினாலும் அப்படிப் போகல. ஒவ்வொண்ணும் அழகா இறங்குச்சு. என் கைக்குத் தெரிஞ்சுது. நீ அறுபத்திரண்டுன்னே, நான் என் கையை நம்பாம உன்னை நம்புனேன்." குரல் ஏறிக்கொண்டே போயிற்று. "பதினாலும் நல்ல தண்டுடி! பதினாலையும் நானே அறுத்தேனே! சான்றிதழ் ஒட்டி வந்த தட்டை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை சந்தேகப்பட்டியா நீ? என்னைப் பதினாலு தடவை சந்தேகப்பட்டியே! பொண்டாட்டியாடி நீ?"

காலி பட்டறையில் அந்தக் குரல் சுவருக்குச் சுவர் மோதியது. இத்தனை நாளாக அவள் ஏங்கிய கோபம் அதுதான். வந்தபோது தாங்க முடியவில்லை. அவர் சொன்னது அத்தனையும் சரி.

அவர் அழுதுகொண்டே லேத் பக்கம் போனார். புதுக் கம்பி ஒன்றை எடுத்துப் பூட்டினார். திரும்பிப் பார்க்காமல், "வெளிய போய் நில்லு. நீ பக்கத்துல இருந்தா எனக்குக் கை ஓடாது" என்றார்.

அவள் வெளியே போய் நின்றாள்.